இரண்டு மடங்கு அதிகம்

மகள் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "கமலாவிடம் ஆறு மாம்பழங்கள் உள்ளன. விமலாவிடம் அதைவிட இரண்டு மடங்கு அதிகம். விமலாவிடம் எத்தனை?" வாசித்து முடித்ததும் எனக்குக் கருகிய தோசையின் வாசம் வந்தது.

குடுமியான்மலையில் நான் ஐந்தாவது படித்தபோது இதே மாதிரி ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். அதில் ஆறு பென்சில். தோசை ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"ஆறு ரெண்டு பன்னெண்டு. இதுல என்ன இருக்கு?"

சட்டையை மாட்டிக்கொண்டிருந்த அப்பா குறுக்கே வந்தார். "அதிகம்னு போட்டிருக்குல்ல? இருக்குற ஆறோட பன்னெண்டச் சேரு. பதினெட்டு."

"அப்ப அது மூணு மடங்குல்லங்க?" என்று அம்மா தோசைக்கரண்டியோடு திரும்பி நின்றாள். கல்லில் புகை கிளம்பிய பிறகுதான் இருவரும் நிறுத்தினார்கள்.

நான் இரண்டு விடையையும் எழுதினேன். ஒரு கணக்குக்கு இரண்டு விடை எழுதினால் எங்கள் டீச்சர் முட்டி போட வைப்பார். மறுநாள் பயந்துகொண்டே நோட்டை நீட்டினேன். சிவப்புப் பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் பார்த்தார். பிறகு வகுப்பையே கை தூக்கச் சொன்னார். பாதிப் பேர் பன்னிரண்டு, பாதிப் பேர் பதினெட்டு.

"எனக்கே இப்பத்தான் சந்தேகம் வருது" என்றவர், எல்லோர் நோட்டிலும் 'அதிகம்' என்ற சொல்லை அடிக்கச் சொன்னார். டீச்சருக்கும் சந்தேகம் வரும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மகளிடம் இரண்டையும் எழுதச் சொன்னேன்.

"மிஸ் திட்டுனா?"

"நானும் வாரேன். அவங்க எந்தப் பக்கம்னு எனக்கும் தெரியணும்."