பொட்டு வைத்த சுவர்

சத்தியவேடு எத்திராஜிடம் ஒன்றைச் சொன்னால் அப்படியே செய்வான். ஆபத்தே அதுதான். ஸ்ரீ சிட்டியில் நாங்கள் ஒரே கம்பெனி. அவன் பேக்கிங், நான் எலக்ட்ரீஷியன். ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது என்று வகுப்பெடுத்த அன்று, ஹெல்மெட்டோடேயே உட்கார்ந்து சாம்பார் சோறு சாப்பிட்டான்.

இந்தச் சித்திரையில் அவன் மனைவி காஞ்சனா கெடு வைத்துவிட்டாள். "மேக்கால செவுரு தோசக்கல்லாட்டம் கொதிக்குது. ஞாயித்துக்கெழமைக்குள்ள சூடு அடங்கல, நகரியில இருக்கற எங்க நைனா வூட்டுக்குப் போய்க்கினே இருப்பேன். மழ வந்தப்புறம் வந்து இட்டுக்கினு போ!"

எத்திராஜ் ஆடிப்போய்விட்டான். காஞ்சனா ஒரு நாள் ஊருக்குப் போனாலே அவனுக்குச் சோறு இறங்காது. இதை வெட்கமில்லாமல் ஊர் முழுக்கச் சொல்வான்.

சுவரில் மரச்சட்டம் அடித்து, இடையில் தெர்மாகோல் வைத்து, மேலே பலகையால் மூடலாம் என்றேன். "ஆனா உள்ள வயர் ஓடுதுடா. அதுல ஆணி எறங்குச்சின்னா நீ காலி. மெயின ஆஃப் பண்ணிட்டுத் தொடு. சுவிட்ச் போர்ட மூடாத."

அந்த வீட்டுக்கு வயரிங் செய்த புண்ணியவான் குறுக்கும் நெடுக்குமாக இழுத்திருந்தான். கம்பெனியில் கெஞ்சி, வயர் தேடும் கருவியை வாங்கிப் போய், வியாழக்கிழமை பூராவும் சுவரைத் தடவினேன். வெள்ளைச் சுவரில் சாக்பீஸ் தெரியாது. அதனால் காணிப்பாக்கம் கோயில் குங்குமத்தைக் குழைத்து, நான் காட்டிய வழியெல்லாம் சாணுக்கு ஒரு பொட்டு வைத்தான் எத்திராஜ்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவன் ஷிப்டுக்கு வந்துவிட்டான். காஞ்சனா ஆயுத பூஜைக்கு மிக்சியைக்கூட விடாமல் பொட்டு வைக்கிறவள். வேலை நல்லபடி முடியப் புருஷன் பூஜை போட்டுப் பாதியில் விட்டுவிட்டான் என்று நினைத்து, மீதிச் சுவருக்கும் அவளே வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் போன். "பாய், எது வயரு, எது சாமின்னு தெரியலியே!"

கருவியோ கம்பெனி வேலையாகப் பக்கத்து ஊரான தடாவுக்குப் போயிருந்தது, திங்கட்கிழமைதான் திரும்பும். எனக்கு வந்த கோபத்துக்கு, "பொட்டு இருக்கற எடத்துல ஆணி அடிக்காத!" என்று கத்திவிட்டு வைத்தேன். யாரிடம் சொல்கிறோம் என்று யோசித்திருக்க வேண்டும்.

ஞாயிறு மதியம் போய்ப் பார்த்தேன். மெயினை ஆஃப் செய்து, பெட்டிக்குப் பூட்டு. சாவி அவன் அரைஞாண் கயிற்றில். ஃபேன் இல்லாமல் வீடே வெந்துகொண்டிருந்தது. சுவர் முழுக்கப் பொட்டு. கட்டிலோரம் வந்தபோது மட்டும் காஞ்சனா குழைத்த குங்குமம் தீர்ந்துவிட்டதாம். அந்த வெற்றிடத்தில், தலையணை அளவுக்கு, சட்டம், தெர்மாகோல், பலகை எல்லாம் கச்சிதமாகப் பொருத்தியிருந்தான். அவ்வளவுதான் வேலை.

காஞ்சனாவின் பை வாசலில் தயாராக இருந்தது. எத்திராஜ் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கே பாவமாகிவிட்டது.

காஞ்சனா கட்டிலில் உட்கார்ந்து, அந்தத் துண்டுப் பலகையில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். "தோ, இங்க சுடலியே!"

எழுந்து போய்ப் பையைத் திறந்து, உள்ளே திணித்திருந்த தன் தலையணையை எடுத்து வந்து கட்டிலில் போட்டாள். எத்திராஜுக்குக் கண் கலங்கிவிட்டது.

"திங்கக்கெழம மீதிய முடிச்சிரலாம்" என்றேன்.

"இப்ப மெயினப் போடட்டா பாய்?"

"போடு. அதுக்கு முன்ன வூட்ல இருக்கற குங்குமத்த எல்லாம் எங்கிட்ட குடு."