வாடகை நாற்காலி

“கைநாட்டு வெக்கற ஊட்டுல இருந்து ஆபீசருக்குப் படிக்கப் போறயா? பாதியில உட்டுப்போட்டுக் கல்யாணம் பண்ணீட்டுப் போயர மாட்டயே கண்ணு?”

அறக்கட்டளையின் நேர்காணலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த மேடம் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அரசுப் பணிக்குத் தயாராகும் கல்லூரி மாணவர்களுக்கு அந்த அறக்கட்டளை உதவித்தொகை தருகிறது. கிடைத்தால் ஒரு வருடம் காந்திபுரத்தில் விடுதியில் தங்கி குரூப் ஒன் தேர்வுக்குப் படிக்கலாம். கிடைக்காவிட்டால் பட்டம் வாங்கிய கையோடு ஏதாவது ஜவுளிக்கடையில் போய் நிற்க வேண்டியதுதான்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பதில் சொன்னேன். தொண்டாமுத்தூர்ப் பக்கம் நாங்கள் குத்தகைக்கு எடுத்திருந்த வாழையை யானை மிதித்த வருடம் நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இழப்பீடு கேட்டு மூன்று முறை மனு எழுதினேன். மூன்று முறையும் வனத்துறை அலுவலகத்தில் மனு வரவே இல்லை என்றார்கள். நான்காம் முறை நகலும் எடுத்துப் போய், அதில் முத்திரை குத்திக் கொடுத்தால்தான் போவேன் என்று நின்றேன். அதற்குப் பிறகுதான் காகிதம் நகர்ந்தது.

“அந்த மேசைக்கு அந்தப் பக்கம் உக்காரணுமுங்க மேடம்” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீ வந்துருவ கண்ணு. ஒருக்கா ஊட்ட வந்து பாத்துட்டு எழுதிப் போடறேன். அது சும்மா ஒரு முறைக்கு.”

அவர் வருகிறார் என்றதும் அம்மா பரபரத்துப் போனாள். எங்கள் வீடு ஒற்றை அறை ஓட்டு வீடு. உட்கார ஒரு முக்காலியும் இரண்டு பாய்களும் இருந்தன.

“பெரிய மனுசங்க வாராங்க. பாயில உக்கார வெக்கறதா?” என்றாள் அம்மா.

“உதவி கேக்கறவங்க ஊடு, உதவி கேக்கறாப்பல இருந்தா என்ன?” என்றார் அப்பா.

“நீங்க சும்மா இருங்க. கேட்டு வாங்கறதுக்கும் ஒரு மரியாத வேண்டாமுங்களா?”

நான் அப்பா பக்கம் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. மேடத்தைப் பாயில் உட்கார வைக்க எனக்கும் மனம் ஒப்பவில்லை. அப்பாவின் மொபெட்டில் இரண்டு நடை போய், வாடகைக் கடையிலிருந்து மெத்தை வைத்த நாற்காலிகள் நான்கை நானே கொண்டுவந்தேன். நான்கின் முதுகிலும் சிவப்புப் பெயின்டில் கடையின் பெயர் இருந்தது. பெயர் தெரியாதபடி சுவரோடு ஒட்டிப் போட்டோம்.

மேடம் மதியம் வந்தார். அம்மா இலை போட்டு, வடை பாயசத்தோடு பரிமாறினாள். ரசத்தை இன்னொரு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். “என்ற பொண்ணு மாதர இவ” என்று என் தோளைத் தட்டினார். சாப்பிட்டு முடித்ததும் புழுக்கம் தாங்காமல் வாசற்படி ஓரமாக உட்காரலாம் என்று தன் நாற்காலியைத் தானே தூக்கினார். அவர் விரல்கள் சிவப்பு எழுத்துகளின் மேல் இருந்தன. குனிந்து பார்த்தார். படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் காது மடல் வரை சுட்டது.

“சேரெல்லாம் சொந்தமுங்களா?” என்று அம்மாவிடம் கேட்டார்.

“ஆமாங்க, சொந்தந்தானுங்க.”

மேடம் புன்னகைத்தார், அவ்வளவுதான். வேறொன்றும் கேட்கவில்லை. எங்கள் மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன். அந்தப் புன்னகையை ஒரு மாதம் நெஞ்சுக்குள் வைத்திருந்தேன். கல்லூரிப் பேருந்தில் போகும்போதெல்லாம், முதல் வேலை கிடைத்ததும் அவருக்கு ஒரு நல்ல சேலை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று யோசித்திருக்கிறேன்.

கடிதம் வந்தது. வீட்டை நேரில் பார்த்ததில் குடும்பம் வசதியாக இருப்பது தெரியவந்ததால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்று இருந்தது. நான் இணைத்திருந்த வருமானச் சான்றிதழைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

உடனே மேடத்தைக் கைபேசியில் அழைத்தேன்.

“பாத்தத எழுதுனேன் கண்ணு. சேரு, சாப்பாடு எல்லாம் நல்லாத்தான இருந்துச்சு? உன்னைய விடக் கஷ்டப்படற புள்ளைக இருக்குதுங்க.”

“சேருக்குப் பின்னால இருந்த பேரப் படிச்சீங்களே மேடம்.”

“உங்கம்மாதான சொந்தமுன்னாங்க? அவங்க சொன்னத நான் பொய்யுன்னு எழுத முடியுமா கண்ணு?”

அந்தக் ‘கண்ணு’தான் தாங்க முடியவில்லை. முதல் நாள் அவர் என்னைச் சந்தேகப்பட்டபோது இவ்வளவு வலிக்கவில்லை. நம்புகிறேன் என்று சொல்லி, எங்கள் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, என் அம்மாவின் உபசாரத்தையே எனக்கு எதிரான சாட்சியாக எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அம்மா அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். “நாந்தான் கெடுத்துப்போட்டனா அம்மணி?” என்றாள். இல்லை என்று சொன்னேன். நாற்காலியைத் தூக்கி வந்தவள் நான்தானே.

அறக்கட்டளைத் தலைவருக்கு மறுபரிசீலனைக் கடிதம் எழுத இரண்டு நாள் ஆனது. ‘விருந்தினர் முன் கூச்சப்பட்டு நாற்காலிகளை வாடகைக்கு எடுத்தோம். எங்களிடம் இருப்பவை ஒரு முக்காலியும் இரண்டு பாய்களும். ஆய்வுக்கு வந்தவர் கடையின் பெயரைப் படித்ததை நான் பார்த்தேன்.’ இந்த வரிகளை என் கையெழுத்தில் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. நான்கு முறை கிழித்துப் போட்டு ஐந்தாவது முறை எழுதினேன். அம்மா மாவுச் சம்படத்துக்கு அடியில் மடித்து வைத்திருந்த வாடகைக் கடைச் சீட்டை அதோடு பின் அடித்தேன்.

திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குப் போனேன்.

“வெச்சுட்டுப் போங்க அம்மணி, மேடம் வந்தாக் குடுத்தர்றனுங்க” என்றார் முன்மேசைக்காரர்.

“கடிதம் மேடத்துக்கு இல்லீங்க, தலைவருக்கு. நகல்ல முத்திரை வெச்சுக் குடுங்க. நிக்கறேன்.”

அரை மணி நேரம் நின்றேன். பிறகு குத்திக் கொடுத்தார்.