நாடா பயந்த சுவர்

என் வீட்டுக்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பஞ்சு என்றால்தான் தெரியும். இரவெல்லாம் ரொட்டிக் கடையில் மாவு பிசைந்து, அடுப்பில் தட்டுகளை ஏற்றி இறக்கிவிட்டு, மற்றவர்கள் எழுந்து பல் தேய்க்கிற நேரத்தில் வந்து படுப்பவர். ஊர் சத்தம் போடுகிறபோதுதான் அவர் தூங்கியாக வேண்டும். அதற்காகக் காதில் வைக்க ஆரம்பித்த பஞ்சை, வெளியே போகும்போதும் எடுக்க மறந்துபோய், கடைசியில் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

சுபாவத்துக்கும் அது பொருத்தமான பெயர்தான். முகத்துக்கு நேரே யாரையும் ஒன்றும் சொல்ல வராது. ஒருமுறை பேருந்தில் ஒருவர் அவர் காலை மிதித்தபடியே நின்றிருக்கிறார். இறங்கும் இடம் வந்ததும், "கொஞ்சம் கால எடுத்துக்கறேங்க" என்று அனுமதி கேட்டுவிட்டு இறங்கினார். முடி வெட்டுகிறவர் ஒரு பக்கம் ஏற்றி வெட்டிவிட்டால், "நல்லாருக்கு" என்று அங்கே சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து என் கையில் கத்தரிக்கோலைக் கொடுப்பார். எனக்கும் பேச்சு வராது. நாலு பேர் நின்றால் பின்னால் போய் நிற்கிறவள். அதனால் எங்கள் வீட்டில் வாயைவிடக் கண்ணுக்குத்தான் வேலை அதிகம்.

எங்கள் வீடும் தையல்கார அக்காவின் வீடும் ஒரு காலத்தில் ஒரே வீடு. நடுவில் ஒரு சுவரை எழுப்பி இரண்டாக வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். சுவரின் உச்சியில் காற்றுக்காக ஓட்டைக் கற்கள் ஒரு வரிசை. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். சுவரை ஒட்டித்தான் அக்காவின் தையல் மெஷின். அதன் பக்கத்தில் ஒரு பிரம்பு நாற்காலி. அக்காவின் கணவர் அதில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பித்தான் தைத்துக் கொடுப்பார். அவர் காலடியில் நாடா படுத்திருக்கும். நாடா ஒரு பழுப்பு நாய். யார் எழுந்து நடந்தாலும் அவிழ்ந்த நாடாவைப் போலப் பின்னாலேயே இழுபட்டுக்கொண்டு வரும்.

அந்த அண்ணன் இறந்தபிறகு நாடா மாறிவிட்டது. தபால்காரரைப் பார்த்துக் குரைத்தது. கொடியில் ஆடுகிற துணியைப் பார்த்துக் குரைத்தது. ஒன்றுமே இல்லாவிட்டால் காலி நாற்காலியைப் பார்த்துக் குரைத்தது. பகல் முழுக்க இதேதான். எந்தப் பஞ்சும் அதற்குப் போதவில்லை. என் வீட்டுக்காரர் கண் சிவந்துபோய் வேலைக்குப் போவார். ஒரு நாள் அடுப்பின் முன்னால் நின்றபடியே தூங்கிவிட்டார். ஒரு ஈடு ரொட்டி முழுவதும் கரி. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்" என்றேன்.

"புருஷன் போன துக்கத்துல இருக்காங்க. அவங்ககிட்ட போய் நாயக் கட்டி வைங்கன்னு சொல்லவா?"

"அப்ப நான் சொல்லட்டுமா?"

"நீயா!" என்று சிரித்தார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கொஞ்ச நாளில் ஒரு காலை அக்கா எங்கள் வாசலுக்கு ஓடி வந்தார். "ஏம்மா, சீக்கிரம் வாயேன். நாடாவுக்கு என்னமோ ஆயிடுச்சு."

போய்ப் பார்த்தேன். நாடா வெட்டுமேசைக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தது. வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது, முதுகு மயிர் குத்திட்டு நின்றது. தன் கீழேயே ஈரம் பண்ணியிருந்தது. கண் மட்டும் அந்தச் சுவரை விட்டு நகரவில்லை. சுவரில் ஒன்றும் இல்லை.

"வழக்கம்போலத்தான் குரைச்சிட்டிருந்துச்சு. திடீர்னு சுவரப் பாத்து 'வீல்'னு ஒரு கத்து. யாரோ உதைச்ச மாதிரி ஓடி வருது. கிட்ட யாருமே இல்லம்மா!"

மறுநாளும் அப்படியே நடந்தது. அடுத்த நாளும். தெருவே வந்து பார்த்தது. மின்சார வேலை செய்கிறவர் சுவரில் கசிவு இருக்கிறதா என்று சோதித்துவிட்டு இல்லை என்றார். பாம்பு இருக்கும் என்று மூட்டை முடிச்சையெல்லாம் உதறிப் பார்த்தார்கள். இஸ்திரி போடுகிறவர்தான் ரொம்பப் பயந்தார். "பூமி அதிரப்போகுது. நாய்க்குத்தான் முதல்ல தெரியும். நான் எல்லாத்தையும் மூட்ட கட்டி வச்சுட்டேன்."

"உன்கிட்ட என்னய்யா இருக்கு மூட்ட கட்ட?" என்றாள் காய் விற்கிறவள். "கட்டினதெல்லாம் எங்க துணிதான். நடுங்குறதா இருந்தா என் புடவையக் குடுத்துட்டு நடுங்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

"அவருதாம்மா வந்திருக்காரு."

நான் விழித்தேன்.

"நாற்காலி இருக்குற இடத்தத்தான பாக்குது? நாடாவுக்குத் தெரியாதா அவர? கோவமா வந்திருக்காரு. அதான் அது பயப்படுது." குரல் தாழ்ந்தது. "அன்னைக்கு மூச்சு வாங்குதுன்னு கூப்பிட்டாரு. நான் திரும்பிக்கூடப் பாக்கல. இருங்க, இந்தக் கைய ஏத்திட்டு வரேன்னு சொன்னேன். சட்டைக் கை. ஏத்தி முடிச்சுட்டுத் திரும்புறேன், தல தொங்கிப்போச்சு."

அவர் தோளைத் தொட்டேன். அவ்வளவுதான் எனக்கு வந்தது.

அதற்கடுத்த சில நாட்களில் ஒரு மாலை, என் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பிப் போனபின், கட்டில் மேல் ஏறி நின்று போர்வையையும் தலையணையையும் உதறிக்கொண்டிருந்தேன். தலையணை உறைக்குள்ளிருந்து ஏதோ கனமாக விழுந்தது. கறுப்பாக, உள்ளங்கைக்குள் அடங்குகிற பொருள். ஒரே ஒரு குமிழ். டார்ச் விளக்காக இருக்கும் என்று நின்ற இடத்திலேயே அமுக்கினேன். சிவப்பாக ஒரு புள்ளி மினுக்கியது. வெளிச்சமும் வரவில்லை, சத்தமும் வரவில்லை. ஓட்டைக் கற்களுக்கு அந்தப் பக்கம் நாடா வீலென்று கத்தியது. அது ஓடிப்போய் எதிலோ மோதிக்கொண்டதும் கேட்டது.

உறைக்குள் அதன் அட்டையும் மடித்து வைத்திருந்தது. அதிலிருந்த மொழி எனக்கு வாசிக்கத் தெரியாது. படமே போதுமானதாக இருந்தது. வாயைப் பிளந்த ஒரு நாய், அதை நோக்கி வளைவு வளைவாகக் கோடுகள், பக்கத்தில் வாய் மூடி உட்கார்ந்திருக்கும் இன்னொரு நாய்.

எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். என் முகம் சுட்டது. செய்தவர் அவர், கூச்சம் எனக்கு. பேருந்தில் மிதிபட்ட காலுக்கு அனுமதி கேட்டவரா இது என்று தோன்றியது. கொஞ்சம் கழித்து, அவராகத்தான் இருக்க முடியும் என்றும் தோன்றியது. வாய் திறந்து கேட்கத் தெரிந்தவனுக்கு இது எதற்கு?

மறுநாள் காலை டீயைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். "பக்கத்து வீட்டு அண்ணன் திரும்பி வந்திருக்காராம்."

"எந்த அண்ணன்?"

"செத்துப்போனவருதான். சுவரோரம் வந்து நிக்கிறாராம். நாடா கண்ணுக்குத்தான் தெரியுதாம்." சட்டைக் கை விஷயத்தையும் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். வாய்க்குப் போன தம்ளர் பாதி வழியில் நின்றது. "டீ ஆறிப்போச்சு" என்று கீழே வைத்தார். டீயிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து அந்தக் கறுப்புப் பொருள் தலையணையில் இல்லை. அலமாரியின் மேல்தட்டில் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. நான் பார்த்துவைத்தேன். அதை அவர் அப்புறம் தொடவே இல்லை.

ஆனால் நாடாவுக்கு அதை யார் சொல்வது? அது அந்த அறைக்குள்ளேயே நுழைய மறுத்தது. தூக்கிக்கொண்டு போனால் நடுங்கியது, குரைப்பதையும் விட்டுவிட்டது. அவரிடம் மட்டும் எப்போதும்போல ஓடி வந்தது. காலையில் தெருமுனையில் அவர் தலை தெரிந்தால் போதும், வாலைக் குழைத்துக்கொண்டு போய், மாவு காய்ந்த அவர் விரல்களை ஒவ்வொன்றாக நக்கும். அதற்குத் தெரிந்ததெல்லாம் சுவர் கெட்டது, பஞ்சு நல்லவர். அவர் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நாடா பையை நக்கியது.

அக்கா மெஷினை அடுப்படிக்கு நகர்த்தினார். அங்கே வெளிச்சம் போதாது. தையல் கோணியது, துணிகள் திரும்பி வந்தன. கடைசியில் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"தம்பி, நான் வீட்டக் காலி பண்றேன். பொண்ணு வரச் சொல்லிட்டா. என்னால இங்க இருக்க முடியல. ஆனா மாப்பிள்ளைக்கு நாய் முடி ஒத்துக்காது. நாடாவ உன்கிட்ட விட்டுட்டுப் போகட்டுமா? இந்தத் தெருவுல அத ஒரு அதட்டு அதட்டாத ஒரே ஆளு நீதான்."

அவர் தரையைப் பார்த்தார். "சரிக்கா" என்றார்.

அக்கா போனபிறகு நான் கேட்டேன். "சரின்னு சொல்லிட்டீங்க."

"வேற என்னத்தச் சொல்ல?"

"என்ன சொல்லணும்னு உங்களுக்குத் தெரியும்."

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தூங்கவில்லை. குரைப்பு இல்லை, மெஷின் சத்தம் இல்லை, அவர் இத்தனை நாளாகக் கேட்ட அமைதி முழுவதும் கிடைத்துவிட்டது. அந்த அமைதியில்தான் அக்காவின் குரல் கேட்டது. சுவருக்கு மிக அருகில் நின்று பேசினார்.

"நான் போறேங்க. நீங்க நிம்மதியா இருங்க. தினமும் மன்னிப்பு கேட்டுட்டேன், உங்களுக்கு மனசு எறங்கல. சரி. என்னத் திட்டுங்க. நாடாவ ஏன் பயமுறுத்துறீங்க? அது என்ன பண்ணுச்சு?"

என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். காதிலிருந்து பஞ்சை எடுத்தார். அலமாரி மேலிருந்து அந்தப் பொருளை எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் வெளியே நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

அக்கா கதவைத் திறந்ததும் நாடா வந்து அவர் காலைச் சுற்றியது. அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "அக்கா, அது அண்ணன் இல்ல. நான்தான்."

"என்னது?"

"இத அமுக்கினா ஒரு சத்தம் வரும். நமக்குக் கேக்காது, நாய்க்குக் கேக்கும். குரைச்சா தூங்க முடியல. அந்த ஓட்டை வழியா..." மேலே கையைக் காட்டினார்.

அக்கா அவரை இரக்கத்தோடு பார்த்தார். "எனக்கு ஆறுதல் சொல்ல இப்படியெல்லாம் பழிய ஏத்துக்காத தம்பி. உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அந்த வார்த்தைக்கு அவர் கூனிக் குறுகியதைப் பார்க்க முடியாமல் நான் வாசலைப் பார்த்தேன்.

"நிஜம்க்கா."

"அப்ப அமுக்கு. பாப்போம்."

"வேணாம்க்கா. அது பயப்படும்."

அக்காவின் முகம் மாறியது. "இத்தன நாளா பயப்படலியா?" என்று சொல்லி, அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கி, தானே அமுக்கினார்.

எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நாடா வீலென்று அலறி, ஒரு சுற்றுச் சுற்றி, ஒளிய இடம் தேடியது. கடைசியில் என் வீட்டுக்காரரின் கால்களுக்கு நடுவே முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவர் அதைத் தொடவும் துணியாமல், விலகவும் தெரியாமல், இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

அக்கா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் அந்தக் கறுப்புப் பொருளையே பார்த்தார்.

"அப்ப அவரு வரவே இல்ல."

அதை மடியில் போட்டுக்கொண்டார்.

"கோவமாவாவது வந்தாரேன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "போயிடு தம்பி" என்றார்.

அக்கா வீட்டைக் காலி செய்யவில்லை. மெஷின் சுவரோரத்துக்குத் திரும்பி வந்தது. ஆனால் என் வீட்டுக்காரரோடு பேச்சு நின்றுபோனது. தெரு முழுக்கத் தெரிந்துவிடும், எப்படி நடமாடுவது என்று அவர் தவித்தார். அக்கா யாரிடமும் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. இஸ்திரி போடுகிறவர் ஒரு நாள் காலையில் அக்காவை விடாமல் கேட்டார். "என்னதாங்க்கா இருந்துச்சு அந்தச் சுவருல? சொன்னாத்தான மூட்டயப் பிரிப்பேன்?"

வேலை முடிந்து வந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரரை அக்கா ஒரு பார்வை பார்த்தார். "எலி. பெரிய எலி. மாவு திங்கிற எலி."

"எலிக்கா இவ்வளவு பயம்?" என்று சிரித்தார் இஸ்திரிக்காரர். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் வந்தார். நாடா வாசல்வரை கூடவே வந்து விரலை நக்கிவிட்டுப் போனது.

அவர் அப்போதுதான் படுத்திருந்தார். சுவரின் உச்சியிலிருந்து குரல் வந்தது.

"எலி, மெஷின் ஓட்டப்போறேன். நெறைய வேலை கெடக்கு. தூங்கணும்னா வாயத் தொறந்து சொல்லணும்."

அவர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். நான் சொல்லித்தருவேனா என்று பார்த்தார். நான் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன். தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார், மூடினார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"அக்கா" என்றார். "மத்தியானம் வரைக்கும் வேணாம்க்கா. கொஞ்சம் தூங்கிக்கறேன்."

அந்தப் பக்கம் மெஷினின் மூடியைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"சரி" என்றார் அக்கா.

தெருவில் யாரோ போனார்கள் போலிருக்கிறது. எத்தனையோ நாளுக்குப் பிறகு, அடுப்படியிலிருந்து நாடா ஒரே ஒருமுறை குரைத்தது. "சும்மா இரு, ஆளு தூங்குது" என்று அதட்டினார் அக்கா.

ஆள் தூங்கவில்லை. பஞ்சை எடுத்து உருட்டியவர், காதில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார்.