கூரையில் போன கதிரை

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்த நேரம், சாய்ந்தமருது வீதியால் ஒரு வேன் போனது. கூரையில் கயிற்றால் இறுக்கிக் கட்டிய ஒரு மரக் கதிரை. உட்காரும் இடத்தின் நடுவில் பெரிய ஓட்டை.

ஊரே நின்று பார்த்தது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. ஏன் என்கிறீர்களா? சொல்கிறேன்... கொஞ்சம் வெட்கம் பிடித்த கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேனின் முன் சீட்டில் இருந்தவர் என் மச்சான் இஸ்மாலெவ்வை. என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர். முப்பத்தைந்து வருஷம் தபால் கந்தோரில் இருந்து போஸ்ட்மாஸ்டராகப் பென்சன் எடுத்தவர். நாடு முழுக்கப் போகும் கடிதங்களுக்கு முத்திரை குத்திய மனிதர், அக்கரைப்பற்றைத் தாண்டிப் போனது அபூர்வம். "பென்சன் வரட்டும் மச்சான், உங்கட ராத்தாவையும் கூட்டிட்டு ஊரூராச் சுத்துறன்" என்பார்.

பென்சன் வந்தது. அதே மாதம் சைக்கிளால் விழுந்து இடுப்பும் உடைந்தது. எலும்பு பொருந்திவிட்டது, கால்தான் மடங்க மறுத்துவிட்டது. அதிலிருந்து கைத்தடியும் முற்றமும்தான் அவர் உலகம்.

நான் சும்மா இருப்பேனா? ஒவ்வொரு லீவுக்கும் ஒரு திட்டத்தோடு போவேன். நுவரெலியா — குளிர், பூந்தோட்டம். "வேணாம்." திருகோணமலை — வெந்நீர்க் கிணறு, காலுக்கும் நல்லது. "வேணாம்." கடைசியில் பொறுமை இழந்து, "பொத்துவிலுக்காவது போங்களேன்! பேரனப் பாக்க வேணாமா?" என்று கத்தினேன். மனிதர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

பொத்துவில் விஷயம் சின்ன விஷயம் இல்லை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். மச்சானின் ஒரே மகன் போன வருஷம் அப்படிப் பொத்துவிலுக்குப் போனான். மூன்று மாதத்துக்கு முன் அவனுக்கு ஓர் ஆண்பிள்ளை. மச்சான் போகவில்லை. அவர் போகாததால் ராத்தாவும் போகவில்லை. பேரனின் போட்டோவைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தா.

இதற்குள் இன்னொரு சிக்கல். கலியாணத்தன்று பொத்துவிலில் சகன் வைத்தார்கள் — ஆறு பேர் பாயில் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடும் நம் வழக்கம். மச்சானால் பாயில் இருக்க முடியாதென்று தனியாகக் கதிரை போட்டு, தனித் தட்டில் சோறும் வைத்தார்கள். அவர் தொடவே இல்லை. ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பின்னேரத்துக்குள் ஊர் திரும்பிவிட்டார். கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் வாப்பா சோற்றில் கை வைக்காவிட்டால் எங்கள் ஊர்களில் அதற்கு ஒரே அர்த்தம்தானே... மனஸ்தாபம்!

என்ன மனஸ்தாபம்? ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். பெண்ணுக்குக் கொடுத்த வீடு சின்னதோ? வரவேற்பில் குறையோ? நானும் பெரிய கெட்டிக்காரன் போல, பொத்துவில் சம்பந்திக்கு இரகசியமாக ஒரு கடிதம் போட்டேன். மச்சான் கோபக்காரர், நேரில் வந்து ஒரு வார்த்தை பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று. பேனா பிடித்த கை அல்லவா, அடங்குமா?

இரண்டு வாரத்துக்கு முன் சம்பந்தி வந்தே விட்டார். வெள்ளைத் தாடி, பெரிய உடம்பு, கையில் ஒரு வாழைக்குலை. கூடவே சமாதானம் பேச இரண்டு பெரியவர்கள். வந்தவர் மச்சானை அண்ணன் முறையில் 'காக்கா' என்று அழைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காக்கா, எங்களால என்ன குறை நடந்திச்சோ, அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கங்க. என்ட மகள் ராவுபகலா அழுறா."

மச்சான் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கோவமா? எனக்கு ஒருத்தரோடயும் கோவமில்ல!" என்று வெடித்தார். "உங்கட வளவுல இரிக்கிற கக்கூஸ்ல எனக்குக் குந்த ஏலாது! குந்தினா எழும்ப ஏலாது! இஞ்ச கயிறு கட்டி வெச்சிரிக்கன், அதப் புடிச்சி எழும்புறன். அங்க ஆரப் புடிக்கிற? அதுதான் திங்கவுமில்ல, குடிக்கவுமில்ல. போதுமா?"

சம்பந்தி வாழைக்குலையை மெதுவாகக் கீழே வைத்தார். பெரியவர்களில் ஒருவர் தாடியைத் தடவிக்கொண்டு தென்னை மரத்தைப் பார்த்தார். ராத்தா அழுதா. அவவுக்கு எல்லாம் தெரியும். வெளியில் சொல்லக்கூடாதென்று மச்சான் சத்தியம் வாங்கியிருந்தார்.

"இதுக்குத்தானா காக்கா? செல்லியிரிக்கலாமே!" என்றார் சம்பந்தி.

"மகன்ட மாமனாருக்கிட்டப் போய் இதச் செல்லுறதா? வெக்கமில்லையா?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது — என் மேல்தான். இரண்டு வருஷமாகக் குளிரைப் பற்றிக் கதைத்தேன், பூவைப் பற்றிக் கதைத்தேன். "அங்க கக்கூசுக்கு என்ன செய்வீங்க மச்சான்?" என்று ஒரு நாளாவது கேட்டேனா?

அன்று பின்னேரமே மரவேலை செய்யும் ஓடாவியாரைக் கூட்டிவந்தேன். மச்சான் வீட்டுக்குள் இருந்து ஒரு கதிரையை எடுக்கச் சொன்னார். பென்சனில் போகும்போது கந்தோரில் எல்லோரும் சேர்ந்து கொடுத்த தேக்கங்கதிரை! ஓடாவியார் தயங்கினார்.

"இவ்வளவு நல்ல கதிர... இதுலயா ஓட்ட போடுற?"

"போடுங்க. இதுல சும்மா இருந்தது போதும். இனி இதோட பயணம் போகணும்."

நடுவில் வட்டமாக வெட்டி, ஓரத்தைத் தேய்த்து வழுவழுப்பாக்கி, பிடித்து எழும்ப இரண்டு பக்கமும் கட்டை உயர்த்தினார். எந்தக் கக்கூசின் மேலும் அப்படியே வைக்கலாம். மச்சான் இருந்து பார்த்தார். எழும்பிப் பார்த்தார். மறுபடியும் இருந்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு இரண்டு வருஷம். அல்ஹம்துலில்லாஹ், என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது.

வயதான வாப்பாவைப் பயணம் கூட்டிப்போக ஆசைப்படும் பிள்ளைகளே, காட்சி எல்லாம் பிறகு. வாசலில் எத்தனை படி? படுக்கக் கட்டிலா, பாயா? கக்கூஸ் எவ்வளவு தூரம், எப்படிப்பட்டது? இதை முதலில் விசாரியுங்கள். அவர்களாக வாய் திறக்கமாட்டார்கள். முற்றத்தில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருக்கும் நம் ஊர்ப் பென்சன்காரர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே கோபம் என்று யாருக்குத் தெரியும்?

மூன்று நாள் என்று சொல்லித்தான் பொத்துவிலுக்குப் போனார்கள். ஆள் வரவில்லை, நேற்று ஒரு போஸ்ட்கார்ட் வந்தது. கவனியுங்கள், ஒட்டின கடிதம் இல்லை. வழியில் யாரும் எடுத்துப் படிக்கக்கூடிய போஸ்ட்கார்ட்! முப்பத்தைந்து வருஷம் தபால் கந்தோரில் இருந்தவர்... அவருக்கா அது தெரியாது?

"பேரன் என் மடியில். உங்கள் ராத்தாவைச் சந்தோஷத்தில் கையில் பிடிக்க முடியவில்லை. நேற்று சகன் வைத்தார்கள். எல்லோரும் பாயில், நான் கதிரையில் (வேறு கதிரை, பயப்பட வேண்டாம்). வயிறு முட்டச் சாப்பிட்டேன். இன்னும் இரண்டு வாரம் இருந்துவிட்டுத்தான் வருவோம். ஒரு விஷயம்: சம்பந்திக்கும் முழங்கால் நோவாம். சுவரைப் பிடித்துத்தான் எழும்புவாராம். அவரும் இவ்வளவு நாளும் யாரிடமும் சொல்லவில்லையாம். இப்போது என் கதிரையைத் தரமாட்டேன் என்கிறார். ஓடாவியாரிடம் இன்னொன்று சொல்லிவையுங்கள்."

இரண்டாகச் சொல்லிவிட்டேன். எனக்கும் அடுத்த வருஷம் பென்சன்!