கைப்பிடியில் மட்டும் வைத்த நெருப்பு

அக்காவின் கல்யாணத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. தாம்பூலப் பையில் அச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக, கடையிலிருந்து முதலில் ஐந்து பைகளை மட்டும் அனுப்பியிருந்தார்கள். மஞ்சள் பை, சிவப்பு எழுத்து, மேலே பிள்ளையார், கீழே அக்கா பெயரும் மாப்பிள்ளை பெயரும். மடித்து வந்ததில் பிள்ளையாரின் தும்பிக்கை மேல் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. துண்டைக்கூடத் தேய்த்து வைக்கிறவள் என் அம்மா. பையை உள்பக்கமாகத் திருப்பி அதன் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தாள்.

பை பெட்டியோடு சேர்ந்து எழும்பி வந்தது.

"இன்னாடி இது, ஒட்டிக்கினு வருது!"

நான் ஓடிப் போய் ஸ்விட்சை அணைத்தேன். பெட்டியின் அடியில் மஞ்சளாக ஒரு படலம் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. மெழுகுவர்த்தியை ஊதி அணைத்த மாதிரி ஒரு வாசனை. அந்த வாசனையை எனக்கு நன்றாகத் தெரியும். அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

பாலிமர் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்துவிட்டு, தடை செய்த பைகளைக் கடைகளில் சோதிக்கும் குழுவில் ஒப்பந்த ஊழியராக இருக்கிறேன். குழு என்றால் ஒரு அதிகாரி, ஒரு ஓட்டுநர், நான். மெல்லிய கேரி பேக்கை யார் வேண்டுமானாலும் அடையாளம் சொல்லிவிடலாம். தொல்லை தருவது நான்-ஓவன் பை. பார்த்தாலும் துணி மாதிரி, தொட்டாலும் துணி மாதிரி. ஆனால் அது நெய்தது இல்லை; இழுத்தால் நூல் தனியாக வராது. பிளாஸ்டிக் இழைகளைச் சூட்டில் அழுத்திச் செய்வது. எங்கள் மாநிலத்தில் அதற்கும் தடை. துணி என்று நம்பியே விற்கிறவர்கள் நிறையப் பேர். அதனால் ஒரு துண்டு வெட்டி லைட்டரில் காட்டுவேன். சாம்பலானால் பருத்தி. உருகிச் சொட்டினால் பறிமுதல்.

போன மழையில் கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு ஓடைப் பாலத்தின் குழாய் அடைத்துக்கொண்டு தண்ணீர் ரோட்டின் மேல் ஏறியது. கம்பி விட்டு இழுத்ததில் வந்தவற்றில் பாதி தாம்பூலப் பைகள். சேறு அலசியதும் மணமக்களின் பெயர்கள் அப்படியே தெரிந்தன. ஒவ்வொரு ஜோடியின் பெயரையும் படித்துப் படித்துக் கரையில் போட்டோம்.

அந்த மாதிரிப் பைதான் இப்போது எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியில் ஒட்டியிருந்தது. அதைத் துணி என்று சொன்னது நான்.

கள்ளக்குறிச்சி கடைவீதியில் பை அச்சடித்துத் தரும் பாய் ஒருவர் இருக்கிறார். அக்காவின் பைகளையும் அவரிடம்தான் சொல்லியிருந்தோம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். கேரி பேக் விற்று ஒரு முறை எங்கள் குழுவிடம் மாட்டியவர். அடுத்த முறை பிடிபட்டால் கடைக்குச் சீல் என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கியது நான்தான். அந்தப் பயத்தில், இரண்டு மாதங்களுக்கு முன்னால், புதுச் சரக்கு வாங்குவதற்கு முன் என்னைக் கடைக்குள் கூப்பிட்டார்.

"பாப்பா, சட்டம் கிட்டம்லாம் நமக்குப் புரியல. ஏஜென்ட்டு துணின்றான். அவன் பேச்ச நான் நம்பல. நீ பாத்துச் சொல்லு. நீ துணின்னாத்தான் லோடு எறக்குவேன்."

மாதிரிப் பையில் யாரோ ஒரு ஜோடியின் பெயரும் பிள்ளையாரும் இருந்தன. லைட்டரை எடுத்தேன்.

"நடுவுல வச்சிடாத பாப்பா. சாமி படம், கல்யாணப் பொண்ணு பேரு. எரிச்சா நல்லாருக்காது. கைப்புடில பாத்துக்கோ."

எனக்கும் அது சரியாகவே பட்டது. எங்கள் வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகையைக்கூடக் கிழிக்க மாட்டார்கள்; பரண் மேல் கட்டாக இருக்கும். கைப்பிடி நாடாவில் ஒரு நூலை உருவிக் கொளுத்தினேன். சாம்பலாகி உதிர்ந்தது. காகிதம் எரிந்த வாசனை.

"துணிதான் பாய்," என்றேன்.

நாடா துணி. பையைத்தான் நான் சோதிக்கவே இல்லை. பல பாகங்கள் சேர்ந்த பொருளில் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்பது படிப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது.

பெட்டி ஆறியதும் கத்தியால் சுரண்டினேன். பிறகு நோட்டை எடுத்தேன். பயம் வந்தால் நான் பட்டியல் போடுவேன். ஒன்று: நாளைக் காலைச் சோதனை கடைவீதியில், பாய் கடை இருக்கும் வரிசையில். அன்று மாலைதான் அதிகாரி எனக்குச் சொல்லியிருந்தார். இரண்டு: சரக்கு முழுவதும் கடையில் இருக்கிறது. மூன்று: பாயிடம் சொன்னால், சோதனை விவரத்தை முன்கூட்டியே வெளியே விட்டவள் ஆவேன். நான்கு: சொல்லாவிட்டால், என்னை நம்பியதற்காக ஒருவர் கடையை இழப்பார். ஐந்து என்று எண் போட்டேன். எழுத எதுவும் இல்லை.

போனை எடுத்து அவர் எண்ணை அழுத்தினேன். ஒரு ரிங் போனதும் துண்டித்தேன். உடனே அவரே கூப்பிட்டார்.

"இன்னா பாப்பா, கூப்ட்டியா?"

"இல்ல பாய். கை பட்டுடுச்சு."

"பை வந்துச்சா? அம்மாவுக்குப் புடிச்சிதா?"

"ம்."

"கல்யாணத்துல பிரியாணி கெடையாதுன்னு தெரியும். இருந்தாலும் வந்துடுவேன், போ." சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். என் காதில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

காலையில் வண்டி கடைவீதியில் திரும்பியபோது, பாய் கடைக்கு முந்தைய கடைகளை எண்ணிக்கொண்டு வந்தேன். ஏழு. ஆறு. மூன்றாவது கடையில் அதிகாரி நேரம் எடுத்துக்கொண்டார். இன்றைக்கு இதோடு போதும் என்று சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது. சொல்லவில்லை.

பாய் எங்களைப் பார்த்துப் பயப்படவே இல்லை. "வாங்க சார், நல்லாப் பாத்துக்கோங்க. எல்லாம் துணிதான்," என்று கட்டுகளை அவரே பிரித்துப் போட்டார். ஒரு கட்டின் மேலே அக்காவின் பெயர் இருந்தது. அதிகாரி வேறொரு கட்டிலிருந்து ஒரு பையை உருவினார். பிள்ளையாரைப் பார்த்ததும் ஒரு நொடி தயங்கினார்.

"புள்ளையாரப்பா, டூட்டி. கோச்சுக்காத."

பையைத் திருப்பி, அடிப்பக்கத்தில் ஒரு துண்டு வெட்டி, என்னிடம் நீட்டினார். லைட்டர் எனக்கு இரண்டு முறை பற்றவில்லை. மூன்றாவது முறை பற்றியது. துண்டு சுருங்கி, உருகி, தரையில் சொட்டியது.

பாய் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துணின்னு யாரு பாய் சொன்னது?" என்றார் அதிகாரி.

பாய் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரே ஒரு முறை. பிறகு அதிகாரியிடம், "ஏஜென்ட்டு சார்," என்றார்.

"ரெண்டாவது தடவ. இன்னா பண்ணணும்னு உங்களுக்கே தெரியும்." ஓட்டுநரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் பூட்டு எடுக்க வண்டிக்குப் போனார்.

பாய் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் எனக்கு வேலை கம்மி. மறுக்கலாம், ஒப்புக்கொள்ளலாம். இப்போது எதுவும் பேசாமல் இருந்தாலே போதும், நான் தப்பித்துவிடுவேன். அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. ஓட்டுநர் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்டது.

"நான்தான் சார் சொன்னேன்."

"இன்னாம்மா?"

கைப்பிடியில் ஒரு நூலை உருவிக் கொளுத்திக் காட்டினேன். சாம்பல். "இத மட்டும் பாத்துட்டுத் துணின்னு சொன்னேன். அவரு கேட்டுட்டுத்தான் வாங்கினாரு."

"எப்பத் தெரிஞ்சுது ஒனக்கு?"

"நேத்து சாயங்காலம்."

அதிகாரியின் முகம் மாறியது. பாயிடம் கையை நீட்டி, "போனக் குடுங்க," என்றார். என் அழைப்பு அதில் இருந்தது. ஒரு ரிங், அதற்கப்புறம் அவர் பேசியது, நேரத்தோடு. கடைக்கு வெளியே கூடிவிட்டவர்களில் யாரோ, "புடிக்கிறதும் அவங்களே, சொல்லிக் குடுக்கிறதும் அவங்களே," என்றார்கள். கட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டேன்.

"கை பட்டுடுச்சுன்னுச்சு சார்," என்றார் பாய். "அம்மாவுக்குப் பை புடிச்சிதான்னு கேட்டேன். வேற பேச்சு இல்ல."

அதிகாரி போனைப் பார்த்தார், கட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. எதையும் எண்ணாமல் நின்ற நேரம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

"சொல்லியிருந்தா இவ்ளோ சரக்கும் இங்க இருக்காது," என்றார் கடைசியில். "தப்பு நம்ம பக்கம். பூட்டு வேணாம்பா. சரக்க ஏத்து. ஏம்மா, நீ எழுத்துல விளக்கம் குடு. இனிமே லைட்டரத் தொடாத, நான் சொல்ற வரைக்கும்."

கட்டுகளை ஏற்றும்போது நானும் தூக்கினேன். அக்கா பெயர் போட்ட கட்டை நானே வண்டியில் வைத்தேன். பாய் வாசலில் நின்றார்.

"இதுல இன்னும் நாலு வூட்டுக் கல்யாணம் இருக்கு. அவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது, மேடம்?"

மேடம் என்றார். முதல் முறை.

கல்யாணம் தியாகதுருகத்தில் நடந்தது. அச்சு இல்லாத பருத்திப் பைகளை மணலூர்பேட்டையில் ஒரு தையல்காரரிடம் தைத்து வாங்கினோம். "பேரு இல்லாத பையா? சம்பந்தி வூட்ல இன்னா நெனைப்பாங்க?" என்று அம்மா கடைசி வரை முணுமுணுத்தாள். அலுவலகத்தில் லைட்டரைத் தொடக்கூடாது. வீட்டில் யார் தடுப்பது? ஒரு பையை எடுத்து நடுவில், அடியில், கைப்பிடியில், தையல் நூலில் என்று நான்கு இடத்தில் கொளுத்திப் பார்த்தேன்.

பாய் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். மண்டப வாசலில் தாம்பூலம் கொடுத்துக்கொண்டிருந்த என் முன்னால் நின்றார். "வாங்க பாய், மொதல்ல சாப்புடுங்க," என்றேன். கையை நீட்டிப் பையை வாங்கினார். தேங்காயை வெளியே எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பையை உள்பக்கமாகத் திருப்பினார். நடுவில் நகத்தை வைத்து ஒரு நூலைக் கிளப்பி இழுத்தார்.

நான்கு இடத்தில் பார்த்தவள் நான். ஆனாலும் அந்த நூல் வருமா என்று அவர் நகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நூல் தனியாக, நீளமாக வந்தது.

"துணிதான், மேடம்," என்றார். தேங்காயை உள்ளே போட்டுக்கொண்டு பந்திக்குப் போனார்.