கசந்த வெள்ளரியும் அக்காவின் கையும்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் மூத்தவர்களில் அக்கா வளர்த்த வெள்ளரிக்காயைத் தின்னாதவர்கள் மிகக் குறைவு. தின்றுவிட்டு அவரைப் பற்றி என்னென்ன பேசினீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். பயப்பட வேண்டாம், பெயர் சொல்ல மாட்டேன். நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதச் சொல்லி என் மகன்கள் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். நான் நடந்ததை எழுதுகிறேன். நல்லது அதிலேயே இருக்கும்.

அக்கா ஜாசினுக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தார். என்னைப் பெற்ற சில மாதங்களிலேயே அம்மா கண்மூடிவிட்டதால், தாய்முகம் என்றால் எனக்கு அக்காவின் முகம்தான். ஜப்பான்காரன் காலத்தில்தான் அவருக்குத் திருமணம் நடந்தது. கழுத்தில் ஏறிய மஞ்சள் மங்குவதற்குள் அத்தானைச் சயாமுக்கு ரயில் தண்டவாளம் போடக் கூட்டிப் போனார்கள். போனவர் திரும்பவில்லை. சண்டை முடிந்து, கூடப் போன ஒருவர் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்து விஷயத்தைச் சொன்ன பிறகு அக்காவின் பொட்டை அழித்தார்கள். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை.

அதன்பின் அப்பா எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு காஜா பேராங்கில் இருந்த பெரியப்பாவின் பலகை வீட்டுக்கு வந்தார். அப்பாவுக்குப் பண்டார் ஹிலிரில் ஒரு சீனர் கடையில் மூட்டை இறக்கும் வேலை. பெரியம்மா கெட்டவர் அல்லர். எங்கள் தட்டில் சோறு குறைந்ததே இல்லை. ஆனால் யாராவது வெளியே கிளம்பும்போது அக்கா எதிரே வந்துவிடக் கூடாது. வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது. நல்ல காரியத்துக்கு இலை நறுக்கலாம், பந்தியில் தென்படக் கூடாது. இதையெல்லாம் யாரும் திட்டிச் சொன்னதில்லை. "நீ உள்ளாரயே இரும்மா" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். அன்பாகச் சொல்கிறவர்களை என்ன செய்வது?

மெர்டேக்கா என்ற சுதந்திரக் கொண்டாட்டத்துக்கு ஊரே திடலுக்குப் போனது. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று அக்காவை விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது அக்கா கொல்லையில் மண்ணைக் கொத்திப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். முன்வாசல் அவருக்கு இல்லை என்றான பிறகு, பின்பக்கம் சிங்க் தகர வேலி வரைக்கும் இருந்த அந்தக் கொஞ்சம் மண்தான் அவருக்கு ஊர், உலகம் எல்லாம்.

ஒருநாள் அப்பா, கடை முதலாளியான சீனத் தவுக்கே கொடுத்தார் என்று ஒரு விதைப் பொட்டலம் கொண்டுவந்தார். கப்பலில் புதிதாக வந்த வெள்ளரி விதை. அதற்கு முன் கொல்லையில் நாட்டு வெள்ளரிதான் ஓடியது, குட்டையாக, தடித்த தோலோடு. புது விதை முளைத்துப் பந்தலில் ஏறிய வேகத்தைப் பார்த்து எங்களுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. காய் ஒவ்வொன்றும் முழங்கை நீளம். கடித்தால் தண்ணீர் மோவாயில் வழியும். பெரியம்மா பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "ஏன்டி, உன் கை பட்டா கல்லும் காய்க்கும் போலருக்கே" என்றார். அக்காவின் கையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

பிறகென்ன, அக்காவுக்குக் கைராசி என்று செய்தி பரவிவிட்டது. தெங்கேராவிலிருந்து சின்ன அத்தை வந்து, தன் வீட்டுப் பாத்தியில் முதல் விதையை அக்காதான் போட வேண்டும் என்று கூட்டிப் போனார். அடுத்து பத்து பெரெண்டாமில் இருந்த உறவுக்காரர்கள் கூப்பிட்டார்கள். அக்கா வெள்ளைச் சேலையை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகவே இறங்கிப் போனார். நான் அவர் கூடவே போவேன். வழியெல்லாம் கடை, வண்டி, கடல் என்று ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டே வருவார். சிரிக்கவும் செய்தார்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு மாப்பிள்ளை முடிவானது. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். திருமணத்துக்கு முன் ஐந்து சுமங்கலிகள் ஊறவைத்த நவதானியத்தைப் பாலிகைக் கிண்ணத்து மண்ணில் தெளிப்பார்கள். பாலிகை பச்சைப் பசேல் என்று முளைத்தால் வாழ்க்கை தழைக்கும் என்பது நம்பிக்கை. என்னைத் தூக்கி வளர்த்த அக்காவுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அந்த வரிசையில் நின்று எனக்காக ஒரு பிடி தானியம் தெளிக்க வேண்டும். வாய்விட்டு யாரிடமும் கேட்டதில்லை, என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். நான் பெரியம்மாவிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "ஊரே அவ கைய கேக்குது. தெளிக்கட்டும், என்னா கெட்டுப்போச்சு" என்றார். அன்று அக்கா அடுப்பங்கரையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். சந்தோஷ அழுகைதான்.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. விதையைக் காசு கொடுத்து வாங்குவது எங்கள் வீட்டில் கேவலம். கொடியில் இருப்பதிலேயே நல்ல காயைப் பறிக்காமல் பழுக்கவிட்டு, விதையெடுத்து, சாம்பலில் புரட்டிக் காயவைத்துக்கொள்வோம். அக்காவும் அப்படியே செய்தார். பெரியப்பாவின் பேரனுக்குக் காது குத்தியபோது, வந்தவர்களுக்கெல்லாம் தாம்பூலப் பையில் வெற்றிலையோடு அந்த விதையையும் மடித்துக் கொடுக்கலாம் என்று பெரியம்மா யோசனை சொன்னார். "ராசிக்கையால எடுத்த விதை" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். வாங்கியவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

எல்லோரும் ஆசையாகப் போட்டார்கள். ஒரு வீட்டில் கொடி படர்ந்தது, காய்க்கவில்லை. இன்னொரு வீட்டில் கட்டைவிரல் அளவுக்குக் காய்த்து நின்றுவிட்டது. தெங்கேராச் சின்ன அத்தை வீட்டில் நீளமாகத்தான் காய்த்தது. சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வந்த அன்று அதில் பச்சடி செய்திருக்கிறார்கள். வேப்பிலையை அரைத்து ஊற்றியதுபோல் கசந்திருக்கிறது. எங்கள் கொல்லையிலும் அதே கதைதான்.

ஊர் வாயை உலை மூடியால் மூட முடியுமா? தாலி அறுத்தவள் கையால் விதை வாங்கினால் வேறெப்படி இருக்கும் என்றார்கள். முதலில் காய்த்தது வீட்டு அதிர்ஷ்டம், பிறகு கசந்தது இவள் ராசி என்று கணக்காகப் பிரித்தும் கொடுத்தார்கள். சின்ன அத்தை வந்து போனபின், பாலிகைப் பேச்சை இனி எடுக்க வேண்டாம் என்று பெரியம்மா என்னிடம் சொல்லிவிட்டார். அக்கா மறுபடியும் கொல்லைக்குப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பந்தலையே பிடுங்கிப் போட்டிருப்பேன், அக்காதான் தடுத்தார்.

இரண்டு நாள் அவர் கசந்த கொடிகளையே சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலை ஒரு கசப்புக் காயைத் துணியில் சுற்றிக்கொண்டு, யாரையும் கேட்காமல் முன்வாசல் வழியாக இறங்கிப் பண்டார் ஹிலிருக்கு நடக்க ஆரம்பித்தார். நான் பின்னாலேயே ஓடினேன். தவுக்கே காயை வெட்டி வாயில் வைத்தார், துப்பினார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். மலாய் மொழியில் பொறுமையாகச் சொன்னார். இது இரண்டு சாதி வெள்ளரியைச் சேர்த்து எடுத்த ஒட்டு விதை. முதல் விளைச்சல் மட்டும்தான் இப்படி வரும். அதன் காயில் விதையெடுத்தால் பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போகும். யார் போட்டாலும் அப்படித்தான், ஒவ்வொரு தடவையும் புதுப் பொட்டலம்தான் போட வேண்டும். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, விதைக்குக் காய் விடுவீர்கள் என்று நான் கண்டேனா என்றார். அக்கா ஒரு புதுப் பொட்டலம் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் நான் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னேன். தொண்டை கட்டும்வரை சொன்னேன். சின்ன அத்தை, "விதை மேல பழிய போடாதம்மா" என்றார். பெரியம்மா கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

புது விதை பழையபடியே முழங்கை நீளத்துக்குக் காய்த்தது. என் திருமணத்துக்குச் சில நாட்களே இருந்தன. பெரியம்மா ஒரு காயைப் பறித்துக் கடித்துப் பார்த்துவிட்டு, அக்காவின் தோளில் கை வைத்தார்.

"கை திரும்பிடுச்சுடி. வந்து பாலிகை தெளி."

இத்தனை காலம் அக்கா காத்திருந்த வார்த்தை. அக்கா கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"கை திரும்பலைங்க பெரியம்மா. பொட்டலம்தான் புதுசு. நாளைக்கு இவ வாழ்க்கையில ஒரு கசப்பு வந்தா, அதுக்கும் என் கையத்தான் பாப்பீங்க. என்னாலதான்னு இவளும் ஒரு நாள் நெனச்சிட்டா நான் எங்க போவேன்? நான் வரலைங்க."

நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன். அசையவில்லை. ராசியில்லை என்றபோதும் அந்தக் கொல்லைதான், ராசி என்றபோதும் அந்தக் கொல்லைதான். பாலிகை தெளித்தபோது அக்கா பின்பக்கம் இலை நறுக்கிக்கொண்டிருந்தார்.

என் இரண்டாவது மகன் நடை பழகுவதற்குள் என் கணவர் சாலை விபத்தில் இறந்துவிட்டார். செய்தி கேட்டு முதலில் வந்து நின்றவர் அக்காதான். அதன்பின் என்னை விட்டுப் போகவில்லை. என் மகன்கள் இருவரும் அவர் கையால் தின்று வளர்ந்தவர்கள். விதைப் பொட்டலத்தைக் கடைசிவரை அவரே கடைக்குப் போய் வாங்கினார். யாராவது முதல் விதை போடக் கூப்பிட்டால், தண்ணி ஊத்துங்க, தானா வரும் என்று சொல்லி அனுப்பிவிடுவார். கடைசி இரண்டு மாதம் படுக்கையில் இருந்தார். ஒரு காலைப்பொழுதில் அமைதியாக அடங்கிவிட்டார்.

அக்காவைப் படுக்கையில் தாங்கிய மருமகள்களுக்கும், மருத்துவமனைக்கு ஓடிய அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும், தோள் கொடுத்த உறவுகளுக்கும், கருமக் கிரியையன்று வந்து நின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

என் திருமணத்துக்குப் பாலிகை தெளித்த அந்த ஐந்து பேருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நல்ல மனதோடுதான் தெளித்தார்கள். பாலிகையும் பச்சைப் பசேல் என்றுதான் முளைத்தது. ஏழு வருடத்தில் நான் தாலியை இழந்து நின்றபோது, அந்த ஐந்து பேரின் கையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. அக்காவின் கையையும் அப்படியே விட்டிருக்கலாம்.