எண்ணாமல் எழுதிய இருபது

“ஏ.என்.எம். தானே நீ? சொன்னத எழுது. யோசிக்கிறத நாங்க பாத்துக்கறோம்.”

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மாடி வார்டின் இன்சார்ஜ் கலைவாணி சிஸ்டர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. கோபமாகச் சொல்லவில்லை. மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டே, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதைப் போலச் சொன்னார். அவர் நான்கு வருஷம் படித்தவர். நான் படித்தது இரண்டு வருஷத் துணைச் செவிலியர் படிப்பு. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்றுதான் அன்று நினைத்தேன்.

ஆனாலும் அந்தச் சீருடையை நான் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளவில்லை. என் ஊர் கனகசெட்டிக்குளம். அப்பா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். அம்மா கரையில் மீன் எடுத்து டவுனில் விற்கிறார். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். தெருவில் யாருக்குச் சுரம் என்றாலும் தெர்மாமீட்டருக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். ஆஸ்பத்திரி டவுனில், சாரம் என்ற பகுதியில் இருந்தது. தனியார் இடம், பதினெட்டுப் படுக்கை. ஐ.டி. கார்டை பஸ் ஏறும்போதே கழுத்தில் மாட்டிக்கொள்வேன். இறங்கி மாட்டினாலும் போதும். ஆனால் பஸ்ஸில் இருப்பவர்கள் பார்க்க வேண்டாமா?

பழக்கம்

வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்களும் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள்.

ஷிஃப்ட் தொடங்கியதும் வைட்டல்ஸ் எடுக்கிறோம். சுரத்தை தெர்மாமீட்டர் சொல்லிவிடும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் நாடியையும் ஆக்சிஜன் அளவையும் சொல்லிவிடும். பி.பி.யை மெஷின் சொல்லிவிடும். மூச்சை மட்டும் எங்கள் வார்டில் எந்தக் கருவியும் சொல்லாது. வாட்சைப் பார்த்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுதாக எண்ண வேண்டும். பதினெட்டு பேருக்குப் பதினெட்டு நிமிஷம். அதற்குள் மூன்று பெல் அடிக்கும், ஒரு டிரிப்ஸ் தீர்ந்துபோகும்.

அதனால் எல்லோருக்கும் இருபது. நான் சேர்வதற்கு முன்பே அப்படித்தான் இருந்தது. பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினால் மூச்சுக்கான கட்டத்தில் வரிசையாக இருபது, இருபது, இருபது. பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று நடுவில் யாராவது ஒரு இருபத்திரண்டு போட்டிருப்பார்கள். படிக்கும்போது நான் ஒழுங்காக எண்ணியிருக்கிறேன். வேலைக்கு வந்த இரண்டாவது வாரத்தில் நிறுத்திவிட்டேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சீக்கிரம் முடித்தால் சிஸ்டர், “பரவால்லையே, கை வேகமாதான் இருக்கு” என்பார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஏழாம் படுக்கை

ஏழாம் படுக்கையில் சவரிநாதன் ஐயா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஊரில் சொல்தா என்பார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, நான் சொல்லப்போகும் நாளுக்கு முந்தின நாள்தான் ஆபரேஷன் ஆகியிருந்தது. கூட இருந்தது அவர் மகள் மரி அக்கா.

ஐயாவுக்கு ஒரு வழக்கம். அவருக்கு எது செய்தாலும் “மெர்சிம்மா” என்பார். நன்றி சொல்வதுதான் அது. தெர்மாமீட்டர் வைத்தால் மெர்சி, எடுத்தால் மெர்சி. ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியாமல் கொண்டுவந்து படுக்கவைத்தபோதுகூட, போர்வையை இழுத்துவிட்டதற்கு வாய் குழறி ஒரு மெர்சி சொன்னார்.

அன்று எனக்கு மதிய ஷிஃப்ட். வலி தாங்காமல் ஐயா இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்பதால் டாக்டர் மார்ஃபின் ஊசி எழுதியிருந்தார். காலை ஒன்பது மணிக்கு ஒன்று, ஒரு மணிக்கு ஒன்று, அடுத்தது ஐந்து மணிக்கு. இரண்டே கால் மணிக்கு நான் போனபோது, ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் வாய் லேசாகத் திறந்திருக்க, அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். மரி அக்கா உதட்டில் விரலை வைத்தார்.

“எழுப்பாதீங்க சிஸ்டர். இப்பதான் அப்பா நிம்மதியா தூங்குறாரு.”

கையில் பி.பி. பட்டையைச் சுற்றினேன். விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினேன். தொண்ணூற்றேழு. நல்ல எண். மூச்சு இருபது என்று எழுதிவிட்டு எட்டாம் படுக்கைக்குப் போனேன்.

பதினெட்டும் முடிந்து மேசையில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்தபோதுதான் ஏதோ குறைவதாகத் தோன்றியது. எது என்று உடனே பிடிபடவில்லை. ஒரு மடக்குக் குடித்த பிறகு தெரிந்தது. ஐயா மெர்சி சொல்லவில்லை. பட்டை இறுக்கும்போது எவ்வளவு தூக்கத்திலும் மனிதர் கையையாவது அசைப்பார். அவர் அதுவும் செய்யவில்லை.

எழுந்து போனேன். வாட்சைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் எனக்குத்தான் மூச்சு முட்டியது. ஒரு நிமிஷத்தில் எட்டு. தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி எண்ணினேன். எட்டு.

“இன்னா சிஸ்டர், அங்கயே நின்னுட்டீங்க?” என்றார் மரி அக்கா.

“அக்கா, ஐயாவ எழுப்பணும்.”

“ஐயோ, வேணாம். முழிச்சா வலில கத்துவாரு.”

“கத்தட்டும்க்கா. கத்துனா நல்லதுதான்.”

தோளைத் தட்டிக் கூப்பிட்டேன். கண் பாதி திறந்து மூடிக்கொண்டது. “ஐயா, மூச்ச இழுங்க” என்று சத்தமாகச் சொன்னபோது ஒரு மூச்சை நன்றாக இழுத்தார். பிறகு பழையபடி ஆகிவிட்டது. “அக்கா, விடாம தட்டிக் கூப்பிட்டுட்டே இருங்க” என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

இன்டர்காம்

கலைவாணி சிஸ்டர் மேசையில் இருந்தார்.

“சிஸ்டர், ஏழாம் படுக்கை மூச்சு எட்டுதான் இருக்கு.”

“மார்ஃபின் போட்டா தூங்கதான் செய்வாரு. சாச்சுரேஷன்?”

“தொண்ணூத்தியேழு. ஆனா ஆக்சிஜன் ஓடுது சிஸ்டர். அத வெச்சு சொல்ல முடியாது. ரெண்டு தடவை எண்ணிட்டேன்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் உடனே எழுந்து வந்தார். ஐயாவின் நெஞ்செலும்பைக் கைமுட்டியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். முனகல் மட்டும் வந்தது. சிஸ்டர் முகம் மாறியது. சார்ட்டோடு மேசைக்கு வந்து, கீழே ஓ.பி.யில் இருந்த டாக்டரை இன்டர்காமில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “கடைசியா வைட்டல்ஸ் எப்ப எடுத்தீங்க? மூச்சு எவ்வளவு?”

சிஸ்டர் சார்ட்டைப் பார்த்துப் படித்தார். “ரெண்டே காலுக்கு இருபது சார்.”

“அர மணி நேரத்துல இருபதுலருந்து எட்டா? ஊசி போட்டு ரெண்டு மணி நேரம் ஆகப்போகுது. இவ்வளவு நேரம் நல்லா இருந்துட்டு மருந்தால இப்ப திடீர்னு மூச்சு இறங்காதே. ஸ்ட்ரோக்கா இருக்கப் போவுது. ஸ்கேனுக்கு அனுப்பணும், வண்டிய வரச்சொல்லுங்க.”

எங்கள் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் கிடையாது. ஐயாவை ஸ்ட்ரெச்சரில் மாற்றி, லிஃப்டில் இறக்கி, ஆம்புலன்ஸில் ஏற்றி, டிராஃபிக்கில் போக வேண்டும். அந்த எட்டு மூச்சோடு. டாக்டர் தப்பாக யோசிக்கவில்லை. நான் கொடுத்த எண்ணை வைத்து யோசித்தார். அந்த எண்தான் பொய்.

வாயைத் திறந்தால் வேலை போகும் என்று தோன்றியது. ஊரில் என்ன சொல்வேன் என்பதும் தோன்றியது. இத்தனையும் ஒரு நொடிக்குள். அதற்குள் சிஸ்டரின் விரல் ஆம்புலன்ஸ் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தது.

“சார், அந்த இருபது நான் எழுதுனது. நான் எண்ணல சார்.”

“யாரு பேசறது?”

“சுகன்யா சார். ஏ.என்.எம்.”

“எண்ணலன்னா?”

“பாக்காம எழுதிட்டேன் சார். ரெண்டே காலுக்கு எவ்வளவு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது.”

டாக்டர், “காலையில பத்து மணிக்கும் இருபதுன்னு ரவுண்ட்ஸ்ல பாத்தேனே?” என்றார்.

அந்தக் கட்டத்தில் இருந்தது கலைவாணி சிஸ்டரின் கையெழுத்து. சிஸ்டர் அதை ஒரு முறை பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“அதுவும் எண்ணுனது இல்ல சார்.”

“அப்ப காலைலருந்தே இறங்கிட்டு இருந்திருக்கலாம்.” டாக்டரின் குரல் வேகமானது. “கண்ணு பாப்பா பாருங்க.”

நான் டார்ச்சோடு ஓடிப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கத்தினேன். “குண்டூசி முனை மாதிரி இருக்கு சார், ரெண்டு கண்ணும்!”

“மருந்துதான். வண்டி வேணாம். நலாக்சோன் எடுத்து வைங்க. மேல வரேன்.”

மார்ஃபினை முறிக்கிற மருந்து அது. டாக்டர் வருவதற்குள் சிஸ்டர் எமர்ஜென்சி ட்ரேயில் இருந்து அதை எடுத்துத் தயாராக வைத்திருந்தார். நான் தலைமாட்டில் நின்று, ஒவ்வொரு மூச்சுக்கும் ஐயாவை மிரட்டிக்கொண்டிருந்தேன். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை ஏற்றினார். பத்து. பன்னிரண்டு. பதினான்கு. ஐயா கண்ணைத் திறந்தார். மெர்சி வரவில்லை. இடுப்பு வலி திரும்பி வந்திருக்க வேண்டும். பிரெஞ்சில் ஏதோ நீளமாகச் சொன்னார்.

“இன்னாக்கா சொல்றாரு?” என்றேன்.

மரி அக்கா அழுதுகொண்டே சிரித்தார். “உங்க எல்லாரையும் கெட்ட வார்த்தைல திட்டுறாரு சிஸ்டர். அப்பா நல்லாதான் இருக்காரு.”

ஐந்து மணி ஊசி வேண்டாம் என்று டாக்டர் சார்ட்டில் அடித்துவிட்டார். ஐயாவுக்குச் சிறுநீரகம் கொஞ்சம் பலவீனம், மார்ஃபின் வெளியேறாமல் உடம்பில் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது என்றார். நலாக்சோனின் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடும், மார்ஃபின் உடம்பிலேயே இருக்கும், அதனால் கால் மணிக்கு ஒரு முறை எண்ண வேண்டும் என்றும் சொன்னார். ஷிஃப்ட் முடியும்வரை எண்ணினேன். ஒரு முறை பத்துக்கு இறங்கியது. டாக்டரைக் கூப்பிட்டேன், வந்து மறுபடி நலாக்சோன் கொடுத்தார்.

கோடு

சாயங்காலம் அந்த இருபதின் மேல் ஒரே கோடு போட்டு, பக்கத்தில் “எண்ணவில்லை” என்று எழுதிக் கையெழுத்திட்டேன். சார்ட்டை மூடப் போனபோது சிஸ்டர் கை நீட்டி வாங்கினார். பத்து மணிக் கட்டத்தில் தன் இருபதின் மேலும் ஒரு கோடு போட்டுக் கையெழுத்திட்டார்.

“டாக்டர்கிட்ட அப்படியே போட்டு உடைச்சிட்டியே,” என்றார்.

“அந்த நேரத்துல யோசிக்கல சிஸ்டர்.”

“இல்ல. யோசிச்சுதான் சொன்ன.”

இருவரும் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். வேலை போகவில்லை. மறுநாள் ஷிஃப்ட் மாறும்போது, ஹேண்ட்ஓவரில் சிஸ்டர் எல்லோரிடமும் ஒரே ஒரு விஷயம் சொன்னார்: “எண்ண நேரம் இல்லன்னா கட்டத்த காலியா விடுங்க. இருபது போடாதீங்க.” காலிக் கட்டத்தைப் பார்க்கிறவர், எண்ணவில்லை என்றாவது தெரிந்துகொள்வார். என் அனுபவத்தில் இதைவிட உபயோகமான பாடம் இன்னும் கிடைக்கவில்லை.

வீட்டில் சொன்னபோது அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

“இன்னாடி சொல்ற? எண்ணாமயே எழுதிட்டியா? கரையில கூடைய எண்ணாம நான் ஒரு நம்பர் சொன்னா, ஏலக்காரன் என்னையும் சேத்து கூடையில வெச்சு ஏலம் உட்டுடுவான்.”

எட்டு என்ற எண் எதைக் காட்டுகிறது என்று அன்று எனக்குத் தெரிந்தது. ஏன் என்று தெரியவில்லை. சிறுநீரகத்துக்கும் மார்ஃபினுக்கும் என்ன சம்பந்தம் என்று டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் ஜி.என்.எம். என்ற முழுச் செவிலியர் படிப்புக்கு விண்ணப்பம் போட்டேன். பணி அனுபவச் சான்றிதழில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டவர் கலைவாணி சிஸ்டர்.

லாஸ்பேட்டையில் வகுப்பு தொடங்கிவிட்டது. என்னைத் தவிர எல்லோரும் பிளஸ் டூ முடித்து நேராக வந்தவர்கள். முதல் பிராக்டிகலில் ஜோடியாக உட்காரவைத்து, ஒருவர் வைட்டல்ஸை இன்னொருவர் எடுக்கச் சொன்னார்கள். என் ஜோடிப் பெண் சுரம், நாடி, பி.பி. எல்லாம் பார்த்து எழுதினாள். மூச்சுக்கான கட்டத்தில் இருபது என்று போட்டாள்.

“எண்ணுனியா?”

“பாத்தாலே தெரியுதேக்கா, நல்லாதானே இருக்கீங்க.”

வாட்சைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். முனகிக்கொண்டே வாங்கினாள். ஒரு நிமிஷம் என் நெஞ்சைப் பார்த்தாள். பிறகு இருபதின் மேல் கோடு போட்டுப் பதினேழு என்று எழுதினாள்.